ஐம்பது வயதில் குறையும் வலுவைத் திரும்பப் பெறலாம்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. விடியற்காலையிலேயே அங்கே நடப்பவர்களின் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கடைக்காரர்கள் எனப் பலரும் காந்தி சிலைப் பக்கம் வேக நடை போடுகிறார்கள். அதே நேரத்தில் சில வீதிகள் தள்ளிப் பெரிய மார்க்கெட்டில் கத்தரி, வெண்டை மூட்டைகளும் கீரைக்கட்டுகளும் இறங்குகின்றன. "நாள் முழுக்க நிலத்தில் கிடக்கிறோம், நமக்கு எதற்குத் தனியாக நடைப்பயிற்சி?" என்பதே விவசாயிகளில் பெரும்பாலோரின் எண்ணம்.

நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த எண்ணம் சரியாகவே இருந்தது. இன்று அதை மறுபடியும் எடை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலை மாறியது, சோறு மாறவில்லை

நாட்டுக் கலப்பையால் ஒரு ஏக்கரை ஒரு முறை உழுவதற்கு, சாலுக்குச் சால் அரை அடி என்று வைத்துக்கொண்டாலும், மாட்டின் பின்னால் 26 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். ஏற்றம் இறைத்தல், வரப்பு வெட்டுதல், பரம்படித்தல், கதிர் அடித்தல் எல்லாமே உடம்பை வளைத்துச் செய்த வேலைகள். அந்த வேலைக்கு ஏற்ற சோறும் தட்டில் விழுந்தது.

இன்று உழவு டிராக்டரிடம் போய்விட்டது. அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. தண்ணீருக்கு மோட்டார் சுவிட்சைத் தட்டினால் போதும். நிலத்துக்குப் போவதும் வருவதும் மொபெட்டில். ஆட்களுக்கு வேலை சொல்வது, உரம் வாங்குவது, டீக்கடை, மார்க்கெட் என்று நாள் ஓடிவிடுகிறது. உடம்பு களைத்துப் போவது உண்மைதான். ஆனால் அந்தக் களைப்பு வெயிலாலும் தூக்கக் குறைவாலும் கவலையாலும் வருவது. மூச்சு வாங்கும்படி தொடர்ந்து அரை மணி நேரம் உழைப்பது பலருக்கு நடவு, அறுவடை நாட்களில் மட்டுமே நேர்கிறது.

வேலை குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. மிஞ்சியது இடுப்பைச் சுற்றிக் கொழுப்பாகச் சேர்கிறது.

இது புதுவைக்கு ஏன் முக்கியம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளிவந்தன. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நீரிழிவு நோய் உள்ளவர்கள் இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 11.4 பேர். புதுச்சேரியில் அது 26.3. நாட்டிலேயே கோவாவுக்கு (26.4) அடுத்த இடம் புதுச்சேரிக்குத்தான். நாலு பேர் கூடி நின்றால் அதில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கும் என்பது இதன் பொருள்.

சிறு விவசாயிக்கு இதில் உள்ள நஷ்டம் உடம்போடு நிற்பதில்லை. குடும்பத் தலைவரின் கை ஓய்ந்தால் அவர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் கூலி கொடுக்க வேண்டும். ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்தக் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். பிறகு நிலம் குத்தகைக்குப் போகும். நகரம் வளர்ந்து வரும் புதுவைப் பகுதியில் அது மனையாக விற்றுப் போகவும் நாளாகாது. ஆகவே ஐம்பது வயதில் உடல் வலுவைக் காப்பது நிலத்தைக் காக்கும் வேலையும் ஆகும்.

வலு ஏன் குறைகிறது?

முப்பது வயதுக்குப் பிறகு, பயன்படுத்தப்படாத தசை பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை கரைகிறது. அறுபதுக்கு மேல் இந்தத் தேய்வு இன்னும் வேகமாகிறது. சாப்பிட்ட மாவுச்சத்தில் பெரும் பகுதியை வாங்கிச் சேமிப்பதும் செலவழிப்பதும் தசைதான். தசை குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது. தரையிலிருந்து எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் எலும்பும் சேர்ந்து தேய்கிறது.

இழந்ததைத் திரும்பப் பெற முடியும் என்பதே நல்ல செய்தி. அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய சிலருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. 1990ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு இது. தொண்ணூறில் முடிந்தது ஐம்பதில் முடியாமல் போகாது. புதுவையிலேயே, அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை எழுபது வயதைக் கடந்த பின்னும் கடலோர மைதானத்தில் டென்னிஸ் ஆடி வந்ததை ஊர் அறியும்.

சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நமக்கு நெருக்கமானது. நீரிழிவின் விளிம்பில் இருந்த, 35 முதல் 55 வயது வரையுள்ள 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். சாதாரண அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகள் ஆயினர். உணவைத் திருத்திக்கொண்டு, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கும்படி தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. எடை பெரிதாகக் குறையாவிட்டாலும் இந்தப் பலன் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

முதலில் பரிசோதனை

மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடுவது எப்படிச் சரியில்லையோ, அப்படியே உடலைப் பரிசோதிக்காமல் பயிற்சியில் இறங்குவதும் சரியில்லை. களைப்புக்குக் காரணம் வயது என்று விட்டுவிடவும் கூடாது. இரத்தச்சோகை, சர்க்கரை, தைராய்டு குறைவு ஆகியவையும் களைப்பாகத்தான் தெரியும்.

* இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. தையல் டேப் போதும்.
* வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை: 100க்குக் கீழ் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126க்கு மேல் இருமுறை வந்தால் நீரிழிவு.
* இரத்த அழுத்தம்: 140/90ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.
* இரத்தத்தில் ஹீமோகுளோபின்: ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12 கிராம் இருக்க வேண்டும்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மேல் சிகிச்சைக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது.

பயிற்சி முறை

அறுவடை முடிந்து அடுத்த நடவு வரும் வரை உள்ள ஓய்வு நாட்களில் உடம்பு தளர்ந்துவிடுகிறது. பிறகு திடீரென்று நாற்று முடியும் உர மூட்டையும் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஆகவே சொர்ணவாரியோ சம்பாவோ நவரையோ, பருவம் தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பே உடம்பைத் தயார் செய்ய வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் நடை. மொபெட்டை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு நிலத்துக்கு நடந்தே போகலாம்.

மூன்றாவது வாரத்திலிருந்து: ஒரே மூச்சில் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வரப்பில் நின்று நின்று நடப்பது இந்தக் கணக்கில் சேராது.

நான்காவது வாரத்திலிருந்து: ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை தசைக்கான பயிற்சி. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

1. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருதல்: 10 முறை.
2. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, மார்பைச் சுவர் அருகே கொண்டுபோய்த் திரும்புதல்: 10 முறை.
3. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குதல்: 15 முறை.
4. ஒவ்வொரு கையிலும் 5 கிலோ பையைத் தொங்கவிட்டுக் களத்தில் 50 அடி நடத்தல்: இரண்டு தடவை.

இதை முதலில் ஒரு சுற்றும், பழகிய பின் மூன்று சுற்றும் செய்யலாம். தசைக்கு இடைவெளி நாளில்தான் வலு ஏறுகிறது. எனவே தினமும் செய்யத் தேவையில்லை.

யூரியா மூட்டை 45 கிலோ. அதை இடுப்பை வளைத்துத் தூக்கக்கூடாது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை மார்போடு அணைத்து, கால் பலத்தில் எழ வேண்டும். முடிந்தால் இருவர் சேர்ந்து தூக்குவதே நல்லது.

தட்டில் செய்ய வேண்டிய மாற்றம்

ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதச்சத்து தேவை. 65 கிலோ எடையுள்ளவருக்கு இது 54 கிராம். நாள் முழுவதும் 400 கிராம் அரிசி சாப்பிட்டாலும் 30 கிராமுக்கு மேல் கிடைக்காது. மிச்சத்தைப் பயறும் மீனும் முட்டையும் பாலும் ஈடு செய்ய வேண்டும்.

ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலையில் 7 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. மத்தியும் நெத்திலியும் விலை உயர்ந்த மீனுக்குச் சத்தில் குறைந்தவை அல்ல. சைவ உணவு உண்பவர்கள் காலையில் கொள்ளு, காராமணி அல்லது பச்சைப்பயறு சுண்டல் சேர்த்துக்கொள்ளலாம். வரப்பு ஓரத்தில் உளுந்தும் தட்டைப்பயறும் போட்டால் வீட்டுக்குத் தேவையானது கிடைத்துவிடும். எலும்புக்குக் கேழ்வரகு சிறந்தது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது.

தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு அல்லது மீன். இதுவே நினைவில் வைக்க வேண்டிய அளவு. பழைய சோற்றை விட வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, ஊறுகாய்க்குப் பதிலாகச் சுண்டலோ முட்டையோ வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு ஐந்து டீ குடித்தால் அதிலேயே 200 கலோரி ஏறுகிறது. ஒரு குவார்ட்டர் மதுவில் ஏறத்தாழ 400 கலோரி உண்டு. அது நூறு கிராம் அரிசிக்கு மேல். மது எளிதில் கிடைக்கும் புதுவையில் இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் போட்டுப் பார்ப்பது நல்லது. பீடி, புகையிலையோடு பயிற்சி செய்வது ஓட்டை வாய்க்காலில் தண்ணீர் விடுவது போன்றது.

தூக்கமும் தண்ணீரும்

இரவில் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் மறுநாள் பகலில் ஒரு மணி நேரமாவது தூங்கி ஈடு செய்ய வேண்டும். நாளொன்றுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் அவசியம். சித்திரை, வைகாசி வெயிலில் காலை பத்து மணிக்குள் கடும் வேலையை முடித்துவிட்டு, அரை மணிக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீரோ நீர்மோரோ குடிக்க வேண்டும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் உழைப்பதும், மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வலி மாத்திரை விழுங்குவதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எச்சரிக்கை

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வெறுங்காலோடு நிலத்தில் இறங்கக்கூடாது. முள் குத்தியது தெரியாமல் போய், புண் புரையோடிக் காலையே இழக்க நேரிடலாம். தினமும் படுக்கும் முன் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் நடக்கும்போது மடியில் ஒரு வெல்லக்கட்டி வைத்திருக்க வேண்டும்.

நடையின்போது நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி 108க்குத் தகவல் கொடுக்க வேண்டும். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது.

ஆறு வாரத்தில் என்ன தெரியும்?

எடை ஒன்றிரண்டு கிலோதான் குறைந்திருக்கும். அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா, மாலையில் களைப்பு குறைந்திருக்கிறதா, இடுப்பு டேப் ஒரு விரற்கடையாவது உள்ளே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஆம் என்றால் பயிர் பச்சை பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

தனியாகத் தொடங்கினால் பத்தாம் நாள் விட்டுப் போகும். கணவனும் மனைவியும் சேர்ந்தோ, பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தோ ஏரிக்கரையில் விடியற்காலை நடந்தால் நீடித்து நிற்கும். பாகூர் ஏரிக்கரையும் ஊசுட்டேரிக் கரையும் கடற்கரைச் சாலைக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. அடுத்த நடவுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே தொடங்கிவிட்டால், அந்தப் பருவத்து வேலையிலேயே அதன் பலனை விவசாயிகள் கண்கூடாகக் காணலாம்.