கணினிப் புதுமைகளும் எமது கரையோரப் பெண்களும்

எதற்கெடுத்தாலும் "ஒன்லைனில் போடுங்கோ" என்று சொல்லும் காலம் இது. விண்ணப்பம், மேன்முறையீடு, வங்கி அலுவல் என எல்லாமே கணினிக்கூடாக நடைபெறுகின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. மன்னார்க் கரையோரத்தில் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்களுக்கு இவற்றால் உண்மையில் கிடைத்த நன்மை என்ன?

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது கியூ.ஆர். முறை அறிமுகமானது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் ஒதுக்கப்பட்டது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தைக் கடதாசியில் அச்சிட்டுக் கொண்டுபோனால் போதுமாக இருந்தது. நாட்கணக்கில் வரிசையில் காய்ந்த தொல்லை குறைந்தது. பாவனையாளர் புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. எனது பார்வையில் அதுவே அதன் சிறப்பு. ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில், 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாவானது. மண்ணெண்ணெய்ப் படகை நம்பியிருந்த பேசாலை, தாழ்வுபாட்டு அடுப்புகளுக்கு எந்தக் கட்டமும் உதவவில்லை.

அஸ்வெசும விடயம் இன்னும் சிக்கலானது. 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பங்கள் தெரிவுசெய்யப்பட்டு, 2023 ஜூனில் பெயர்ப்பட்டியல் வெளியானது. அப்போது 2,500 ரூபாவிலிருந்து 15,000 ரூபா வரை நான்கு வகைக் கொடுப்பனவுகள் இருந்தன. பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. நான் சந்தித்த ஒரு தாய், கருவாடு காயவைத்துப் பிழைப்பவர், கேட்டார்:

"பிள்ளை, என்ட பேர் ஏன் வரேல்ல எண்டு அந்த மிசின் சொல்லுமா?"

பட்டியல் காரணம் சொல்லவில்லை. முன்பென்றால் அலுவலரின் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பார், சண்டையாவது பிடித்திருப்பார். அவரிடம் கைத்தொலைபேசியும் இல்லை. கொமினிகேசன் கடையில் உதவியவர் படிவத்தில் தனது இலக்கத்தையே போட்டுவிட்டார். பதில் வந்ததா என்று அறிய அந்தத் தாய் மூன்று தடவை பஸ் ஏறினார். அந்தச் செலவை எந்த அளவுகோலில் சேர்ப்பது?

அதற்காகப் பழைய கோவை முறைதான் நல்லதென்று நான் கூற வரவில்லை. 1990இலும் 2007இன் பின்னரும் எம்மவர்கள் இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வழியில் தொலைந்தன. அவற்றின் படமொன்று வேறோரிடத்தில் பத்திரமாக இருப்பது பெரிய ஆறுதல். எழுதத் தெரியாத அம்மா வெளிநாட்டிலுள்ள மகளுக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகின்றார். அதுவும் நன்மைதான்.

புதுமை எதுவென்பதைவிட, அது யாருடைய கையில் இருக்கிறது என்பதையே நான் பார்க்கின்றேன். எனவே சகோதரிகளே, கொமினிகேசனில் படிவம் நிரப்பினால் உங்கள் பிள்ளையின் அல்லது நம்பிக்கையான உறவினரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். ஓ.ரி.பி. இலக்கத்தைப் பிறரிடம் வாசித்துக் காட்டாதீர்கள். விண்ணப்பப் பதிவு இலக்கத்தை அச்சிட்டுத் தரும்படி கேட்டு, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.