பாலில் உறை சேரும் பக்குவம்

பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆற்றி, ஒரு கரண்டி பழைய தயிரை விட்டுக் கலக்கி மூடி வைத்தால் காலையில் தயிர். கொதிக்கும்போது விட்டால் உறையிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துப்போகும். முழுக்க ஆறியபின் விட்டால் மந்தமாகிவிடும். துணை மருத்துவப் பணியாளர்களை உருவாக்குவதும் இப்படித்தான். பாடம் பால், ஊர்ப் பழக்கவழக்கம் தெரிந்த அறிவு உறை.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுக்கிறது. பார்வை அளப்பது, அறுவை அரங்கில் உதவுவது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் அவர்கள் கையில்தான்.

அங்கே உறை செய்யும் வேலை என்ன? மதுரைப் பக்கம் கருவிழிப் புண் பெரும்பாலும் வயல்வேலையில் தொடங்கும். 1994-ல் மதுரையில் மூன்று மாதங்களில் ஆராயப்பட்ட 434 பேரில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்பே கண்ணில் காயம் பட்டிருந்தது. அப்படி வரும் பாட்டியிடம், "கண்ணுல கண்டதையும் ஊத்துனீங்களா?" என்று கேட்டால், "இல்லை" என்பார். தாய்ப்பாலோ இலைச்சாறோ விட்டிருப்பார். திட்டுவார்களே என்று மறைப்பார். "தூசி விழுந்ததும் வீட்ல என்ன கைவைத்தியம் பாத்தீக, ஆத்தா?" என்று கேட்கும் பெண்ணிடம் எல்லாமே வெளியே வரும். டாக்டருக்கு அந்தப் பதில் மிக முக்கியம். செடி, வைக்கோல் கீறிய கண்ணில் பூஞ்சைத் தொற்று இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

இப்படிக் கேட்பதைக் கடைசிப் பருவத்தில் தனித் தாளாக வைத்தால் ஒட்டாது. கருவியைப் பிடிக்கக் கற்கும்போதே, மூத்த பணியாளர் பக்கத்தில் நின்று, காதால் கேட்டுப் பழக வேண்டும். 2021-ல் வந்த மத்தியச் சட்டம் துணை மருத்துவப் படிப்புகளுக்கு நாடு முழுக்க ஒரு தரத்தைக் கொண்டுவர முனைகிறது. வரவேற்கிறேன். ஆனால் கண்புரை அறுவை முடிந்த வாடிப்பட்டி விவசாயி, "எண்ணெய் தேய்ச்சு எப்பக் குளிக்கலாம்?" என்று கேட்பார் என்பதை டெல்லி எழுதித் தராது. மதுரைக் கல்லூரிகள்தான் எழுத வேண்டும்.

உறை புளித்திருந்தால் தயிரும் புளிக்கும். ஊரறிவோடு வரும் எவரும் ஊரின் சாதிப் பார்வையையும் சுமந்துதான் வருவார்கள். யாரை "வாங்க" என்பது, யாரை "வா" என்பது என்று யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கும். ஆகவே, காரில் வந்தவரையும் துப்புரவுத் தொழிலாளியையும் மாணவர் ஒரே மரியாதையோடு அழைக்கிறாரா என்பதை ஆசிரியர் முதல் வாரத்திலிருந்தே கூட நின்று கவனிக்க வேண்டும். தவறினால் அங்கேயே திருத்த வேண்டும்.