மன்னாரில் ஓவியருக்கு ஓர் அறை

ஓவியர் அ. மாற்கு 1933இல் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவர். சித்திர ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறை ஓவியர்களை வளர்த்துவிட்டவர். 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாண நகரமே இடம்பெயர்ந்தபோது அவரும் வீட்டை விட்டுக் கிளம்பினார். கடைசிக் காலத்தை மன்னாரில் கழித்து 2000இல் மறைந்தார். அவர் வரைந்தவற்றில் பெரும்பகுதி போரிலும் அலைச்சலிலும் அழிந்துபோயிற்று. மன்னாரில் இன்று படம் கீறுகிற ஒருவர் வீட்டில் தனக்கென்று ஓர் அறை கட்ட நினைத்தால், முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும் என்பேன். கீற இடம் எப்படியும் கிடைத்துவிடும். கீறியதைப் பத்திரமாக வைக்கும் இடத்தைப் பற்றித்தான் நாங்கள் ஒருபோதும் யோசித்ததில்லை.

போருக்கு முந்திய எளிய வீடுகள் மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக இருந்தன. உள்ளே பகலிலும் மங்கல். வெயில் கொதிக்கும் ஊரில் அந்த மங்கலே குளிர்ச்சி. படம் கீறுகிறவர் விறாந்தைக்கு வந்துவிடுவார். தாழ இறங்கிய கூரையின் நிழலில், வளவு மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அவருக்குப் போதுமாக இருந்தது. வசதியுள்ளவர்களின் கல்வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு. மன்னார் மாவட்டத்து அரிப்புக் கடற்கரையில் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்புக் காலத்தில் தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய டொரிக் மாளிகைக்கும் சிப்பி சுட்ட சுண்ணாம்புதான் பூசினார்கள். கரையைக் கடல் அரித்து மாளிகையின் பெரும்பகுதி சரிந்துவிட்டது. மிஞ்சிய செங்கற் சுவர்கள் இரண்டு நூற்றாண்டு உப்புக்காற்றைத் தாங்கி நிற்கின்றன. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. அதன் வெள்ளை கண்ணைக் கூசவைக்காது. ஓவியர் அறைக்கு இதைவிட நல்ல சுவர் எனக்குத் தெரியாது.

போருக்குப் பின் எல்லாம் சீமெந்துக் கல்லாயிற்று. 2012இல் விரிவாகத் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாயும் 550 சதுர அடி வீடும் கிடைத்தன. தறப்பாளின் கீழ் இருந்தவர்களுக்கு அது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த அளவுக்குள் பிள்ளைகளின் படிப்பு மேசைக்கே இடம் தேட வேண்டும். ஓவியர் சுவரோரக் கட்டிலில் இருந்துகொண்டு, பகலிலும் நீலம் பாய்ந்த குழல் விளக்கின் கீழ் வேலை செய்கிறார். அந்த வெளிச்சத்தில் கலந்த மஞ்சள், வெளியே கொண்டுவந்தால் வேறு மஞ்சளாகத் தெரியும். விளக்கு வாங்கும்போது 5000 கெல்வின், நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவான சீ.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இனி யன்னல். ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு யன்னலையே சொல்கின்றன. அங்கே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். வடக்கு வெளிச்சம் மாறாது. மன்னார் இருப்பது ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில். சித்திரைப் புத்தாண்டையொட்டி எங்கள் உச்சிக்கு வரும் சூரியன், அதன்பின் ஆவணி நடுப்பகுதி வரை உச்சிக்கு வடக்கேதான் கடக்கும். ஆனி மாத நண்பகலில் அது உச்சியிலிருந்து 14 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். புத்தகத்தை நம்பி வடக்கே வெறும் யன்னல் வைத்தவரின் படத்தில் அந்த நான்கரை மாதமும் வெயில் விழும். நான்கு அடி உயர யன்னலுக்கு மேலே ஒன்றரை அடி தாழ்வாரம் வைத்தால் நண்பகல் வெயில் நிற்கும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலுக்கு, யன்னலின் இரு பக்கமும் இரண்டடி நீட்டிய சிறு சுவர்கள் வேண்டும். இவ்வளவு செய்தால் வடக்கு யன்னலை மிஞ்ச வேறொன்றில்லை.

காற்றுக் கணக்கிலும் அதுவே சரி. வைகாசி தொடங்கினால் சோழகம். மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்று மின் நிலையத்தின் 30 காற்றாலைகளை நட்டதே அந்தக் காற்றை நம்பித்தான். தெற்கு யன்னலைத் திறந்தால் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தில் மணல் ஒட்டும். வடக்கு யன்னல் அப்போது காற்றுக்கு மறைவுப் பக்கம். மாரியில் வாடை மழை அந்தப் பக்கமாகவே அடிக்கும் என்பதால், இறுக்கமாகப் பூட்டக்கூடிய கண்ணாடிக் கதவு கட்டாயம். டர்பன்டைன் பாவிப்பவர், நெடி வெளியேற எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு துவாரம் விட வேண்டும்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது, கீறியதைப் பத்திரமாக வைக்கும் மூலை. இரும்பு ஆணி அடித்த பழைய கன்வஸ் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் துரு வட்டமாகப் படர்ந்திருக்கும். அந்த இடத்தில் துணி விரல் பட்டாலே பிரியும். உப்புக்காற்றின் வேலை அது. துருப்பிடிக்காத உருக்கு ஊசிகளால் அடியுங்கள். படங்களை அடுக்காமல் நிமிர்த்தி வைக்க மரத்தட்டு செய்யுங்கள். வெளிச்சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் விலக்கி, நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்தி வையுங்கள். மாரியில் தாழ்ந்த வளவுகளில் வெள்ளம் நிற்பது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்றிலொரு பங்கு இதற்கே போகட்டும்.

மாற்கு காலத்தில் படத்துக்குப் பிரதி எடுப்பதே பெரிய செலவு. இன்று கைத்தொலைபேசி போதும். ஒவ்வொரு படத்தையும் முடித்த அன்றே நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, அளவும் ஆண்டும் குறித்து, ஒரு பிரதியை ஊருக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மாற்குவின் ஓவியம் ஒன்றாவது யாரிடமாவது இருந்தால், அதையும் இவ்வாறே பதிந்து நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கு அனுப்பி உதவுங்கள்.