சாக்கேயின் அயல்நாட்டுக் கீர்த்தி

அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ சாக்கே என்றால், ஜப்பானிய உணவகங்களில் சிறு கிண்ணத்தில் சுடச்சுட ஊற்றித் தரும் ஏதோ ஒரு விநோத பானம் என்பதற்கு மேல் பெரும்பாலோர் அறிந்ததில்லை. இன்றோ, திராட்சை மதுவின் குணதோஷங்களை விசாரிப்பதற்கென்றே லண்டனில் கூடும் சர்வதேசப் போட்டியில் 2007 முதல் அதற்குத் தனிப் பிரிவே வகுத்திருக்கிறார்கள்; 2024-இல் சுமார் எண்பது நாடுகளுக்கு, நாலாயிரம் கோடி யென்னுக்கு மேற்பட்ட சாக்கே ஜப்பானிலிருந்து கப்பலேறியது.

மதுவைப் போற்றுவது நம் நோக்கமன்று. ஆயினும் அரிசியை உண்டு வாழும் நமக்கு, அவ்வரிசியைக் கொண்டு சாக்கே தயாரிக்க ஜப்பானியர் செய்யும் காரியம் சற்று ஆச்சரியத்தை விளைவிக்கவே செய்யும். அரிசியின் மேற்புறத்திலுள்ள கொழுப்பும் புரதமும் ருசியைக் கெடுக்குமென்று அதைத் தீட்டுகிறார்கள். நாம் தவிடு போகத் தீட்டுவதோடு நிறுத்திக்கொள்ள, அவர்களோ 'தாய்கின்ஜோ' என்ற உயர்தர வகைக்கு ஒவ்வொரு மணியிலும் பாதியோ அதற்கு மேலோ மாவாய் உதிரும்வரை விடுவதில்லை. இவ்வாறு முத்துப்போல் எஞ்சியதை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உஷ்ணமான மர அறையொன்றில் பரப்பி, கோஜி என்னும் பூஞ்சணத்தின் பொடியைச் சலித்துத் தூவி, இரண்டு நாள் இரவும் பகலும் கிளறிக் காத்திருக்கிறார்கள். அரிசியில் சர்க்கரை இல்லையாதலால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பணியைக் கோஜி செய்ய, அச்சர்க்கரையை மதுவாக்கும் பணியை ஈஸ்ட் அதே தொட்டியில் அதே சமயத்தில் செய்கிறது.

இந்நுட்பம் அயலாரைக் கவர்ந்தது உண்மையே எனினும், வழி திறந்துவிட்டது சுஷிதான் என்பது என் அபிப்பிராயம். புளிப்பு குறைந்த இப்பானம் மீனுணவோடு ஒத்துப்போவதால், சுஷி சென்ற நகரமெல்லாம் சாக்கேயும் சென்றது. ஜப்பானிய உணவு மரபை 2013-லும், கோஜியைக் கொண்டு மது தயாரிக்கும் கலையை 2024-லும் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, ஏற்கெனவே வளர்ந்துவந்த புகழுக்கு முத்திரை வைத்தது போலாயிற்று. யமகுச்சி மாநிலத்து மலைக்கிராமத்தில் 'தஸ்ஸாய்' என்னும் சாக்கேயைத் தயாரிக்கும் நிறுவனம் 2023-இல் நியூயார்க் மாநிலத்திலேயே ஓர் ஆலையைத் திறந்தது.

இவ்வளவு கோலாகலமும் எதன் நடுவே நிகழ்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியர் ஆண்டுக்கு சுமார் 170 கோடி லிட்டர் சாக்கே அருந்தினர். பீரும் விஸ்கியும் மேலோங்க, இளைஞர் பலர் குடியையே குறைத்துக்கொள்ள, அது இன்று கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏற்றுமதியோ, உள்நாட்டில் இன்னும் செலவாவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதிலும் அயலார் நாடுவது பெரும்பாலும் விலையுயர்ந்த நறுமண வகைகளையே. ஆகவே, சாதாரண சாக்கேயை உள்ளூரில் விற்றுப் பிழைத்த சிற்றூர் ஆலைகளை வெளிநாட்டுக் கீர்த்தி காப்பாற்றிவிடும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

இருக்கும் ஆலைகளைக் காக்கவேண்டிப் பல்லாண்டுகளாகப் புதியவர்களுக்கு அனுமதி மறுத்துவந்த ஜப்பானிய அரசாங்கம், 2021-இல் அவ்விதியைச் சற்றே தளர்த்தியது. அந்தப் புதிய அனுமதியைப் பெற்றவர் தம் சாக்கேயை ஏற்றுமதி மட்டுமே செய்யலாம். சொந்த ஊரில் விற்க முடியாது.