பாட்டிக்குக் கொடுத்த வாக்கு!

எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி மொத்தமே நாலு வார்த்தை: யமஹா, ஸுஸுகி, ஹோண்டா, டொயோட்டா! அப்படியும் ஒரு ஜப்பானியப் பாடகருக்கு ரசிகனாகிவிட்டேன். ஆசாமியைப் பார்த்தால் ஜப்பானியப் பாடகர் என்று நீங்கள் சத்தியமாக நம்ப மாட்டீர்கள்.

அமெரிக்கக் கறுப்பின இளைஞர். தலையில் பேஸ்பால் தொப்பி. தொளதொள பேன்ட். 'சரிதான், ராப் பாடி ஆளை ஒரு வழி பண்ணப் போறார்' என்று நினைத்தால், வாயைத் திறந்ததும் வருவது சுத்தமான 'என்கா'!

என்கா என்றால்? ஜப்பானில் அப்பா, தாத்தா தலைமுறை உருகுகிற சோகப் பாட்டு. துறைமுகம், மழை, மதுக்கிண்ணம், பிரிந்து போன காதலி... இத்தனையும் ஒரே பாட்டில் வரும். குரலைச் சுழற்றி நடுங்க விடுவதற்கு 'கோபுஷி' என்று பேர். நம்ம கமகத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. கிமோனோ கட்டிக்கொண்டு பாடுவதுதான் சம்பிரதாயம். அங்கே தொப்பியோடு போய் நின்றவர் ஜெரோ!

1981-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். அம்மாவைப் பெற்ற பாட்டி டகிகோ, யோகஹாமாக்காரர். அமெரிக்கப் படைவீரர் ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கடல் தாண்டி வந்தவர். ஊரை விட்டு வந்தாலும் பாட்டை விடவில்லை. பாட்டி வீட்டில் ஓடிய என்காவைக் கேட்டுக் கேட்டு, அர்த்தம் புரியாத வயசிலேயே பேரனும் பாட ஆரம்பித்தான். 'கோஹாகு' மேடையில் ஒருநாள் பாடுவேன் என்று பாட்டிக்கு வாக்கும் கொடுத்தான்.

கோஹாகு சாதாரண மேடை இல்லை, ஸார். ஒவ்வொரு டிசம்பர் 31 ராத்திரியும் என்.ஹெச்.கே. நடத்தும் பாட்டுத் திருவிழா. பெண்கள் சிவப்பு அணி, ஆண்கள் வெள்ளை அணி. 1951-ல் ரேடியோவில் ஆரம்பித்தது. 1963-ல் டி.வி. வைத்திருந்த வீடுகளில் நூற்றுக்கு 81 வீடு இதைத்தான் பார்த்தது. அதில் இடம் கிடைத்தால் ஜென்ம சாபல்யம்!

ஜெரோ, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சமாசாரம் படித்துப் பட்டம் வாங்கினார். 2003-ல் ஜப்பானுக்குப் புறப்பட்டார். அங்கே இங்கிலீஷ் வாத்தியார் வேலை, அப்புறம் கம்ப்யூட்டர் என்ஜினீயர் வேலை. அதாவது நம்மைப் போல ஆபீஸ் கோஷ்டி! நடுவில் பாட்டுப் போட்டியில் பாடி, ரிக்கார்டு கம்பெனி கண்ணில் பட்டு, பயிற்சி எடுத்தார்.

2005-ல் பாட்டி காலமாகிவிட்டார்.

2008 பிப்ரவரி 20-ம் தேதி ஜெரோவின் முதல் பாட்டு 'உமியுகி' வெளிவந்தது. 'கடல் பனி' என்று அர்த்தம். ஓரிகான் பட்டியலில் எடுத்த எடுப்பில் நாலாவது இடம். அதுவரை எந்த என்கா பாடகரின் முதல் பாட்டும் அப்படி நுழைந்ததில்லை. அதே வருஷம் டிசம்பர் 31. கோஹாகு மேடை. வாக்குக் கொடுத்த பேரன் நின்றான். வாக்கு வாங்கிய பாட்டிதான் இல்லை.

முன்னே போனவர்கள்

ஜெரோவுக்கு முன்பும் அந்தக் கதவைத் தட்டியவர்கள் உண்டு. தைவானின் டெரஸா டெங் 1974-ல் ஜப்பானில் பாட வந்தார். 1979-ல் பாஸ்போர்ட் தகராறில் வெளியேற்றப்பட்டார். 'அவ்வளவுதான், சீட்டுக் கிழிஞ்சுது' என்று நினைத்தவர்களுக்கு 1984-ல் திரும்பி வந்து, ஜப்பானிய மொழியிலேயே அடுத்தடுத்து ஹிட் கொடுத்துப் பதில் சொன்னார். தென்கொரியச் சிறுமி போவா 2002-ல் பதினைந்து வயசில் ஓரிகான் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தார். கொரியர்களில் அவரே முதல். பாட்டோடு ஜப்பானிய மொழியையும் கசடறக் கற்ற பிறகே அது நடந்தது.

அமெரிக்காவுக்கு அடுத்தபடி உலகின் பெரிய இசைச் சந்தை ஜப்பான். ஆனால் கேட்பதில் பெரும்பங்கு சொந்த மொழிப் பாட்டு. நீ எந்த ஊராகவும் இருந்துக்கோ, எங்க பாஷையில் எங்க மனசைத் தொடு என்பதுதான் அங்கே எழுதப்படாத விதி என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. கிரிஸ்டல் கே என்ற பாடகி பிறந்ததே ஜெரோ பாட்டியின் யோகஹாமாவில். அப்பா அமெரிக்கக் கறுப்பினத்தவர், அம்மா ஜப்பானில் வாழும் கொரிய வம்சம். 1999-ல் பாட வந்து, 2005-ல் பெரிய ஹிட் கொடுத்தார். ஆனாலும் இப்படிக் கலப்பு வம்சத்தில் பிறந்தவர்களுக்கு அங்கே 'ஹாஃபு' என்று தனிப் பெயர். அதாவது 'பாதி'! பாட்டை முழுசாக ரசித்துவிட்டு ஆளைப் பாதி என்றால் எப்படி?

ஜெரோவை முதலில் வேடிக்கை பார்க்கத்தான் பலர் கூடியிருப்பார்கள். வேடிக்கைக்கு ஆயுசு ஒரு பாட்டு, ரெண்டு பாட்டு. அவரோ பத்து வருஷம் தாக்குப் பிடித்தார். அதற்குக் குரல் வேண்டும், உழைப்பு வேண்டும்.

2018-ல் பாட்டை நிறுத்திக்கொண்டு மறுபடி கம்ப்யூட்டர் வேலைக்கே போய்விட்டார் ஜெரோ. 'ஐயோ பாவம், தோத்துட்டார்' என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். போன காரியம் முடிந்தது, வேலைக்குத் திரும்பினார். இதில் தோல்வி எங்கே வந்தது?

பக்கத்து ஸீட்டில் தலையைக் குனிந்து கீபோர்டு தட்டுகிறவரை இனிமேல் கொஞ்சம் மரியாதையாகவே பாருங்கள். யார் கண்டது, அவரும் யார் பாட்டிக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறாரோ!