பாட்டி வீட்டுத் தண்ணீரும் பேரப்பிள்ளையின் கல்லீரலும்

ஜூலைக் கடைசியில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டால், பெங்களூரு விவேக் நகரில் பல தமிழ் வீடுகளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து சேர்வார்கள். வியாழக்கிழமை குழந்தை இயேசு திருத்தலத்துக்கு ஒரு நடை. திரும்பும் வழியில் பானிபூரி, ஐஸ் போட்ட கரும்புச்சாறு. "நாங்க இந்தத் தண்ணியக் குடிச்சு வளரலையா, என்ன ஆயிடுச்சு?" என்று பெற்றோரே வாங்கிக் கொடுப்பார்கள்.

ஒன்றும் ஆகாமல் இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஹெபடைடிஸ் ஏ சிறுவயதிலேயே வந்து போயிருக்கும். 6 வயதுக்குள் இந்த வைரஸ் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையே தெரியாது. சாதாரணக் காய்ச்சல், வாந்தி என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். ஆனால் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஆயுளுக்கும் நிற்கும். இதற்கு ஒரு சான்று உண்டு. 1955-56இல் டெல்லியில் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. பல ஆண்டுகள் கழித்துச் சேமித்து வைத்த ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது அது ஏ வகை இல்லை என்று தெரிந்தது. டெல்லிப் பெரியவர்கள் ஏ வகையைச் சிறுவயதிலேயே கடந்து வந்திருந்தார்கள்.

அந்த எதிர்ப்புச் சக்தி பிள்ளைகளுக்குச் சொத்தாக வருவதில்லை. தாயிடமிருந்து கிடைக்கும் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய ஒரு வயதுக்குள் கரைந்துவிடும். லண்டனில் பிறந்து வளர்ந்த 14 வயதுப் பையன் இங்கே வரும்போது வெறுங்கையோடுதான் வருகிறான். அந்த வயதில் தொற்றினால் கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்ந்து, வாரக்கணக்கில் படுக்க நேரும். சிலருக்கு, அரிதாக, கல்லீரலே செயலிழக்கும். தொற்றி நோய் வெளிப்பட 15 முதல் 50 நாள் ஆகும் என்பதால், ஊர் திரும்பிப் பள்ளிக்கூடம் போனபிறகுதான் பலருக்குக் காமாலை தெரியவரும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே மற்றவர்களுக்கும் பரவிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளோடு இது முடியவில்லை. வேலூர், தர்மபுரிப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களின் பேரன் பேத்திகள் இன்று அடுக்குமாடியில் வடிகட்டிய தண்ணீர் குடித்து வளர்கிறார்கள். அவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் போகலாம். காவிரிக் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது. குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே கசியும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே வீட்டில் செய்யக்கூடிய நல்ல காவல். கீழாநெல்லி கொடுத்ததும் காமாலை இறங்கியது என்பார்கள். ஏ வகை பெரும்பாலும் தானாகவே இறங்கும். அந்த நம்பிக்கையில் மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

தடுப்பூசி இருக்கிறது. ஒரு வயது முடிந்ததும் போடலாம். செயலிழந்த வகை என்றால் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை, உயிருள்ள வகை என்றால் ஒன்றே. 2024 ஜனவரியில் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம் முதல் உள்நாட்டுத் தடுப்பூசியை அறிமுகப்படுத்தியது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தும், அரசின் இலவசப் பட்டியலில் இது இன்னும் சேரவில்லை. சேர்க்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் எங்கிருந்து காசு கொடுத்துப் போடும்?

இங்கிலாந்திலும் இது வழக்கமான குழந்தைத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. ஆனால் பயணத்துக்கு என்று கேட்டால் அரசு மருத்துவத்திலேயே பொதுவாக இலவசமாகப் போடுவார்கள். அங்கே இருக்கும் பெற்றோரே, விமான டிக்கெட் எடுத்த கையோடு மருத்துவரைக் கேளுங்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுவது நல்லது. தவறிவிட்டால் கிளம்புகிற அன்றாவது போடுங்கள், அதற்கும் பலன் உண்டு.