இருளில் எதிரியைத் தேடிய கருவி, காய்ச்சலையும் தேடியது

2003ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சார்ஸ் நோய் பரவியது. 238 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 33 பேர் உயிரிழந்தனர். தடுப்பூசி இல்லை. காய்ச்சல்தான் முக்கிய அறிகுறி. ஆனால், சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கும் ஆயிரக்கணக்கான பயணிகளை ஒவ்வொருவராக நிறுத்தி வெப்பமானி வைத்துப் பார்க்க முடியுமா?

இதற்குத் தீர்வு தற்காப்புத் துறையிடம் இருந்தது. தற்காப்பு அறிவியல் தொழில்நுட்ப அமைப்பின் பொறியாளர்கள், எஸ்டி எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, ராணுவத்தின் வெப்பப் படக்கருவியைக் காய்ச்சல் கண்டறியும் கருவியாக மாற்றினர். அந்த ஏப்ரல் மாதத்திலேயே அது பயன்பாட்டுக்கு வந்தது.

எப்படி வேலை செய்கிறது?

வெப்பமுள்ள எல்லாப் பொருள்களும் கதிர்களை வெளியிடுகின்றன. நம் தோல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களின் அலைநீளம் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அளவில் உச்சத்தில் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரைதான். அதனால் அந்தக் கதிர்களை நம்மால் பார்க்க முடியாது. கருவியின் உணரி அவற்றை மின்குறிப்புகளாக மாற்றி, வண்ணப் படமாகத் திரையில் காட்டுகிறது. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டிய முகம் சிவப்பாகத் தெரியும்.

சிக்கல் எங்கே?

ராணுவத்துக்குத் தேவை, சுற்றுப்புறத்தைவிடச் சூடான பொருள் எங்கே இருக்கிறது என்பது மட்டுமே. காய்ச்சலுக்கு அது போதாது. அரை டிகிரி வேறுபாடுகூட முக்கியம். கருவியின் அளவீடு நேரம் செல்லச் செல்லச் சற்று விலகும். எனவே, வெப்பநிலை முன்பே தெரிந்த ஒரு பொருளையும் கருவியின் பார்வைக்குள் வைத்தனர். அதனுடன் ஒப்பிட்டுக் கருவி தன் அளவீட்டைத் திருத்திக்கொள்ளும். அறிவியல் கூடத்தில் நாம் செய்யும் அளவுத்திருத்தமும் இதுவே.

இன்னொன்றும் உண்டு. கருவி அளப்பது தோலின் வெப்பநிலையை. உடலின் உள் வெப்பநிலையை அல்ல. வெயிலில் நடந்து வந்தவர் முகமும் சிவப்பாகத் தெரியலாம். எல்லை வெப்பநிலையைக் குறைத்தால் நலமானவர்கள் பலர் நிறுத்தப்படுவர். கூட்டினால் நோயாளி தப்பிச் செல்லலாம். அதனால்தான் சிவப்பாகத் தெரிந்தவர்களை வெப்பமானியால் மீண்டும் சோதித்தனர்.

சார்ஸ் பெரும்பாலும் அறிகுறி தோன்றிய பிறகே மற்றவர்களுக்குப் பரவியது. ஆகவே, காய்ச்சலைத் தேடுவதில் பயன் இருந்தது. கொவிட்-19 அப்படியல்ல, காய்ச்சல் வருமுன்பே அது பரவக்கூடியது. கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், இல்லாத காய்ச்சலை அதனால் காட்ட முடியாது. நோயின் தன்மையை அறிந்தால்தான் கருவியின் எல்லையும் புரியும்.

சிந்தித்துப் பாருங்கள்: மூக்குக்கண்ணாடி அணிந்தவரை வெப்பப் படக்கருவியில் பார்த்தால், கண்கள் தெரியாமல் கண்ணாடி மட்டும் கருமையாகத் தெரிகிறது. ஏன்? நாம் பார்க்கும் ஒளி கண்ணாடியை ஊடுருவும். தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களும் ஊடுருவுமா? விடையைக் கண்டுபிடித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.